பட்டப்பகலில் ஒரு கட்டிங்

மலேசியாவில் ஒரு சின்ன ஊரில் இருபத்தாறு வருடங்களாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆண், பெண், குழந்தை என்று எல்லோருக்கும் வெட்டுவேன். மகளுக்குக் கல்யாணமாகி அவள் சிங்கப்பூர் போன வருடம், எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு கடிதத்தைப் படித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறதாம். மூன்று மாதம் அங்கே தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மகள் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை, அது ஒரு காரணமாக இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒனக்கு இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுத்தா, நீ போயி சொல்லிக் குடுக்க?"

"கடைக்கு வர்ற சீனப் பொம்பளைங்ககிட்ட இத்தனை வருஷமா ஊமை பாஷையா பேசுறேன்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தேன். பெட்டியில் துணிகளோடு என் கத்தரிக்கோல்களையும் சீப்புகளையும் வைத்தேன். எங்கே போனாலும் எடுத்துப்போவேன். சிலர் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

இலுப்பூரில் பஸ் ஏறி, இறங்கவேண்டிய ஊரின் பெயரைக் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என் பெட்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, "எயிட்ஸ் ஸ்டாப்பா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. ஸ்டாப் வந்ததும் பெட்டியை அவரே இறக்கிக் கொடுத்தார். அந்த இடத்துக்கு அதுதான் பெயர் என்று அவர் பழகியிருந்தார்.

தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் பாதையில் ஐந்து நிமிடம் நடந்தால் இல்லம். கேட்டில் போர்டு கிடையாது. வைத்த போர்டை இரண்டு முறை யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்களாம். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். ஆறு வயதிலிருந்து பதினேழு வரை. படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளைத்தான் நான் எதிர்பார்த்துப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போன நேரத்தில் இரண்டு பேர் வேப்பமரத்தின் உச்சியில் இருந்தார்கள், நான்கு பேர் கிரிக்கெட் மட்டைக்காக அடித்துக்கொண்டார்கள், ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.

அவர்களைப் பார்த்துக்கொண்டவர் வார்டன் அம்மா. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மணமேல்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். கணவர் இறந்த பிறகு தனக்கும் அதே நோய்க்கிருமி இருப்பது தெரிந்து, மாமியார் வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கியதும், கட்டிய சேலையோடு கிளம்பி வந்தவர். கொல்லையில் நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்பார். குரல் கணீரென்று இருக்கும். ஆனால் வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டார். "இங்கிட்டு நாம சத்தம் போடாம இருந்தாத்தான் இருக்க முடியும்" என்று முதல் நாளே எனக்குச் சொன்னார்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன். ஆனால் எனக்குப் பழக்கம் அப்படி, கண் முகத்துக்குப் போவதற்கு முன்னால் தலைக்குப் போய்விடும். பிள்ளைகள் அத்தனை பேர் தலையும் எலி கடித்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம், காதுக்கு மேலே பொட்டல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வார்டன் அம்மாவிடம் கேட்டேன்.

"யாருங்க இப்படி வெட்டுறது?"

"நாந்தான். காய்கறி வெட்டுற கத்தரியில."

"ஊருல சலூன் இல்லையா?"

"இருக்கு. வெட்டமாட்டாங்க." அவர் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "நாலு வருசத்துக்கு முந்தி ரெண்டு பயலுகளக் கூட்டிட்டுப் போனேன். வெட்டிவிட்டாரு. மறுநாள்லேருந்து கடைக்கு ஒருத்தரும் வரல. அப்பறம் நாங்க தெருவுல போனாலே கதவச் சாத்திருவாரு."

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டேன். முதலில் வந்து உட்கார்ந்தவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண். ஒன்பதாம் வகுப்பு படித்தாள். மற்ற பிள்ளைகள் அவள் சொன்னால்தான் கேட்பார்கள். துணியைப் போர்த்திவிட்டு, நான் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "மிஸ், ஒங்க ஊருல எல்லாருக்குமே கிளவுஸ் போட்டுத்தான் வெட்டுவீங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்பச் சரி" என்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

என் கடையில் சாயம் பூசும்போது தவிர நான் கையுறை போட்டதில்லை. முடி வெட்டினால் இது ஒட்டாது என்று எனக்குத் தெரியும். வருவதற்கு முன்னால் படித்திருந்தேன், டாக்டரிடம் கேட்டிருந்தேன், எங்கள் சங்கத்தில் எழுந்து நின்று மற்றவர்களுக்கு விளக்கிப் பேசியும் இருந்தேன். ஆனாலும் என் கை தானாகப் போய்க் கையுறையை எடுத்தது. அந்தச் சாயங்காலம் நான்கு பேருக்கு வெட்டினேன். ஒருவர் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வழி மறித்தேன். "நேத்து நான் பொய் சொன்னேம்மா. எங்க ஊருல கிளவுஸ் போடமாட்டேன். ஒங்களுக்குத்தான் போட்டேன். பயந்துட்டேன்."

"தெரியும் மிஸ். பொய் சொன்னா ஒங்களுக்குக் காது செவக்குது." புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எல்லாரும் மொதல்ல பயப்படுவாங்க. யாரும் சொல்லத்தான் மாட்டாங்க" என்றபடி போய்விட்டாள்.

அன்றைக்குக் கையுறைப் பெட்டியைச் சமையலறையில் கொடுத்துவிட்டேன். மிளகாய் நறுக்க வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஆங்கில வகுப்பே நாற்காலியைச் சுற்றித்தான் நடந்தது. ஷார்ட், லாங், லெஃப்ட், ரைட், லிட்டில், லிட்டில் மோர் என்று ஆரம்பித்தோம். எனக்கு இப்படி வேண்டும், இப்படி வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னால்தான் வெட்டுவேன் என்றேன். பையன்கள் ஒரே நாளில் தேறிவிட்டார்கள். ஒருவன் சினிமா போஸ்டரைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டினான். இன்னொருவன் காதுக்கு மேலே மின்னல் மாதிரி கோடு போடச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள் என்றேன். "திட்டட்டும் மிஸ். எப்பவும் வேற எதுக்காச்சும் திட்டுறாங்க" என்றான். கண்ணாடியைக் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். தங்கள் தலையின் பின்பக்கத்தை அதுவரை அவர்கள் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த வெட்டு பேசப்பட்டது. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை, ஊர்ப் பையன்கள் மூன்று பேர் சைக்கிளில் கேட்டுக்கு வந்து நின்றார்கள். இருவர் அண்ணன் தம்பி, ஒருவன் அவர்களோடு படிப்பவன்.

"ஆன்ட்டி, எங்களுக்கும் அந்த மாதிரி வெட்டிவிடுவீங்களா?"

வெட்டினேன். எங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து யோசனை சொன்னார்கள். முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து மத்தியானம் வரை கிரிக்கெட் ஆடினார்கள். அந்த மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகள் வந்து ஆடியது அதுதான் முதல் தடவை என்று வார்டன் அம்மா சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டில் முப்பது பேர் நின்றார்கள். வார்டு மெம்பர் முன்னால் நின்றார். அவர் பின்னால் அந்தப் பையன்களின் அப்பாக்கள். இல்லத்தின் நிர்வாகி, ரிட்டயர்டான ஆசிரியர், நல்ல மனிதர், வேட்டியை இறுக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "மேடம், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க. இனிமே கத்தரியே தொடமாட்டேன்னு சொல்லிருங்க. நான் பேசி அனுப்பிர்றேன்."

நான் கேட்டுக்குப் போனேன்.

"ஒரே கத்தரியில அந்தப் பிள்ளைகளுக்கும் வெட்டி எங்க பிள்ளைகளுக்கும் வெட்டியிருக்கீங்க. வெளிநாட்டுலேருந்து வந்தா என்ன வேணாலும் செய்வீங்களா?" என்று மெம்பர் கேட்டார்.

"பெத்தவங்களக் கேக்காம வெட்டினது என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். என் கடையில் பெற்றோர் இல்லாமல் ஒரு சின்னப் பையனுக்கு மின்னல் கோடு போடமாட்டேன். "ஆனா என் கத்தரிக்காக மன்னிப்புக் கேக்கமாட்டேன். ஒவ்வொரு தலைக்கும் கழுவித் தொடச்சிருக்கேன். பிளேடு ஆளுக்கொண்ணு புதுசு. முடி வெட்டினா இது ஒட்டாது."

"ஒட்டாதுன்னு எழுதித் தருவீங்களா?" என்று ஒரு அப்பா கத்தினார்.

"தரேன். பேப்பர் குடுங்க."

யாரிடமும் பேப்பர் இல்லை. எங்கள் கணக்குப் பெண் உள்ளே ஓடிப் போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கேட்டின் கம்பியில் வைத்தே எழுதி, கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நம்பரையும் எழுதி நீட்டினேன். அந்த அப்பா அந்தத் தாளைத் தொடவில்லை. நான் நீட்டியபடியே நின்றேன். கை வலிக்கும்வரை நின்றேன்.

"நீங்க எந்த ஆளுங்க? பொம்பளை போயி முடி வெட்டிக்கிட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெட்டத் தெரிஞ்ச ஆளு" என்றேன்.

அப்போதுதான் வார்டன் அம்மா வெளியே வந்தார். சத்தம் போடாமல் இருக்கவேண்டும் என்று எனக்குச் சொன்னவர். என்னை உள்ளே இழுத்துப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்து வெளியே நின்றார். கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"நான் இங்கிட்டு வந்து ஒம்பது வருசமாச்சு" என்றார் மெம்பரிடம். "ஒங்க மக புள்ள பெத்தப்ப நாட்டுக்கோழி முட்டை வேணும்னு இந்தக் கேட்டுலதான வந்து நின்னீங்க? எந்தக் கையால எடுத்துக் குடுத்தேன்? இந்தக் கைதான். அன்னைக்கு ஒட்டாதது இன்னைக்கு ஒட்டுதா?"

பிறகு மெம்பருக்குப் பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தா நிக்கிறீங்களே, நீங்க வாங்கல? நீங்க? ஒங்க வீட்டுல நேத்து என்ன கொழம்பு?" ஒவ்வொருவராகக் கை நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். "எங்க முட்டை ஒங்க வீட்டுக்குள்ள போகலாம். எங்க பிள்ளைகளோட முடிய வெட்டின கத்தரி ஒங்க பிள்ளை தலையில படக்கூடாது. நல்லா இருக்குங்க ஒங்க நாயம்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவனை இன்னொருவர் அதட்டினார். கொஞ்ச நேரம் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ரத்தம் சோதிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். வார்டன் அம்மா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இவ்வளவு பேசிட்டேனேங்க" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எது ஒட்டும், எது ஒட்டாது என்று விளக்கிச் சொன்னார். பெற்றோர்களில் பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். ரத்தச் சோதனை என்ற பேச்சு அதோடு நின்றது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கணக்குப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "மிஸ், அந்த மூணு பேருல ஒருத்தனுக்கு அவங்கப்பா மொட்டை போட்டுட்டாரு. அடியும் நல்ல அடி. அவன் என் மொகத்தையே பாக்கல."

யார் மொட்டை போட்டது என்று கேட்டேன். ஊர் சலூன்காரர் என்றாள்.

மறுநாள் மத்தியானம் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஒரே ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, கண்ணாடிக்கு மேலே சாமிப் படங்கள். வெயிலில் ஆள் இல்லை. நாற்பது வயதுக்காரர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என்னைத் தெரியுமா என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

"அந்தப் பையனுக்கு மொட்டை போட்டது நீங்களா?"

"நாந்தான். அவங்கப்பா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து ஒக்கார வச்சாரு. நான் என்னங்க செய்ய முடியும்?"

திட்டுவதற்குத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உடனே போடலங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். பின்னங்கழுத்துல மெஷினே வைக்காம முடியப் படிப்படியா எறக்கியிருந்தீங்க. வெட்டின கோடே தெரியல. அந்த மாதிரி ஒரு வெட்ட அழிக்கிறதுக்குக் கை வரல எனக்கு. அவரு சத்தம் போட்டதும் போட்டுட்டேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சீப்பு மேல கத்தரி ஓட்டினது" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் ஓட்டுறேன். எனக்குக் கோடு விழுகுது."

"சீப்ப நகத்துறீங்களா, கத்தரிய நகத்துறீங்களா?"

அவர் யோசித்தார். பிறகு, "காட்டுங்க" என்றார்.

"யார் தலையில?"

தெருவில் ஒருவரும் இல்லை. அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "கத்தரி அதேதானா?"

"அதேதான்."

அவர் தன் கடையின் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, துணியை எடுத்துத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டார். அவருடைய தோள்கள் விறைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சீப்பை வைத்தேன். முதல் வெட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பத்து வெட்டுக்குப் பிறகு திறந்தார். அதற்கப்புறம் கேள்விதான். விரலை ஏன் அங்கே வைக்கிறீர்கள், மணிக்கட்டு ஏன் திரும்பவில்லை என்று விடாமல் கேட்டார். பாதியில் ஒருவர் சைக்கிளில் போகிறபோது நின்று பார்த்துவிட்டுப் போனார். இவரும் அவரைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழவில்லை.

முடிந்ததும் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னார். வாடிக்கை நின்றது மட்டும் இல்லை. கோயில் காரியங்களில் அவர் குடும்பத்துக்கு உள்ள இடத்தையும் வேறு ஊர் ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்களாம். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு அக்கா. ஆனா அன்னைக்குக் கதவச் சாத்தினது மனசுல இருந்துக்கிட்டேதான் இருக்கு. செவ்வாக்கிழமை கடை லீவு. நான் இருட்டினப்பறம் இல்லத்துக்கு வாரேன். யாருக்கும் தெரியாம எல்லாருக்கும் வெட்டிவிட்டுட்டுப் போயிர்றேன்."

எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் வார்டன் அம்மாவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார்.

"ஏங்க? அவரே வர்றேங்கிறாரு."

"இருட்டுல எதுக்கு வரணும்? நாங்க கள்ளச் சாராயமா காச்சுறோம்? நீங்க இன்னும் ரெண்டு மாசத்துல ஒங்க ஊருக்குப் போயிருவீங்க. இந்தப் பிள்ளைக இங்கிட்டுத்தான் வளரணும். இருட்டுலதான் ஒனக்கு முடி வெட்டுவாங்கன்னு நான் இதுகளுக்குச் சொல்லிக் குடுக்கமாட்டேன். பழையபடி நானே காய்கறிக் கத்தரியில வெட்டிக்கிறேன்."

அதே பதிலைச் சலூன்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து இல்லத்துக்கு போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்குக் கடைக்கே கூட்டிட்டு வாங்க. கூட்டம் இருக்கும். இருக்கட்டும்."

நிர்வாகி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர் நடுவில் வைத்துப் பிள்ளைகளை யாராவது ஏசினால் அந்த வார்த்தையை யார் திரும்ப எடுப்பது என்று கேட்டார். வார்டன் அம்மா பிள்ளைகளையே கூப்பிட்டுக் கேட்டார். என்ன நடக்கலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். சின்னவன் ஒருவன் வரமாட்டேன் என்று அழுதான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. நான்கு பையன்கள் வருகிறோம் என்றார்கள். கணக்குப் பெண்ணும் செருப்பை மாட்டினாள்.

"ஒனக்கு அங்க என்ன வேலை? ஆம்பளைங்க கடை" என்றேன்.

"வேடிக்கை பாக்க வாரேன் மிஸ். அவங்க மட்டுந்தான் எங்கள வேடிக்கை பாக்கணுமா?"

ஏழு பேருமாக மெயின் ரோட்டில் நடந்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வாசலுக்கு வந்தார்கள். சலூன் பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் ஒருவருக்கு ஷேவிங் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்த இருவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். மூன்றாமவர் வாசலில் நின்று சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குக் கேட்டது. கணக்குப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் கண்ணை எடுக்கும்வரை. நாற்காலியில் இருந்தவரும் துணியை உதறிவிட்டு எழுந்தார். ஆனால் ஒரு கன்னம்தான் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. கண்ணாடியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அசையாதீங்கண்ணே" என்று சலூன்காரர் மீதிக் கன்னத்தையும் முடித்தார். பிறகு நாற்காலியைத் துடைத்து, புது பிளேடை எல்லோருக்கும் தெரியும்படி பிரித்து வைத்துவிட்டு, எங்களோடு வந்த நால்வரில் சின்னவனைப் பார்த்தார். பத்து வயது, ஆனால் ஏழு வயது உயரம். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற பலகையை எடுத்து நாற்காலிக் கையின் மேல் வைக்கப் போனார்.

"பலகை வேணாம்" என்றான் அவன். "நான் அஞ்சாவது படிக்கிறேன்."

"சரிங்க சார், ஒக்காருங்க" என்றார் சலூன்காரர்.

மழித்து முடித்தவர் போகவில்லை. ஜே.சி.பி. ஓட்டுபவராம். வாசல் கதவில் சாய்ந்துகொண்டு நால்வருக்கும் வெட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தப் பின்பக்கம் நல்லாருக்கு. அடுத்த தடவ எனக்கும் அப்பிடிப் போடு" என்று சலூன்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த மூன்று வாரம் சலூன்காரர் பெரும்பாலும் பேப்பர்தான் படித்தார். மெம்பர் குடும்பம் முடி வெட்ட இலுப்பூருக்குப் போக ஆரம்பித்தது, இன்றைக்கும் போகிறது. ஊர்க்காரர்கள் மறுபடியும் கோயில் விஷயத்தை எடுத்தார்கள். சலூன்காரர், "வேற ஆளுக்குக் குடுக்கிறதா இருந்தா குடுங்க, எழுதிக் குடுத்துருங்க" என்று கேட்டாராம். ஏனோ யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருநாள் நான் கடையைத் தாண்டிப் போகும்போது அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். "எங்க வீட்டுச் சோத்துல கைய வச்சுட்டீங்களே" என்றார் நேருக்கு நேராக. அவர் சொன்னது பொய்யில்லை. மெல்ல மெல்ல இளவட்டங்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பின்கழுத்து வெட்டு வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மொட்டை போடப்பட்ட பையனுக்கு முடி வளர்ந்தது. அவன் எங்கள் பக்கம் வரவில்லை. மற்ற இருவரும் இல்லத்தைத் தாண்டும்போது சைக்கிள் மணியை நான்கைந்து தடவை அடித்துவிட்டுப் போவார்கள்.

நான் கிளம்பும்வரை எங்கள் பையன்கள் மாதம் இரண்டு ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு, மெயின் ரோட்டில் நடந்துபோய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். வரமாட்டேன் என்று முதலில் அழுத சின்னவனும் இரண்டாவது தடவையே கூட வந்தான். நிர்வாகி அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தனக்கும் வெட்டிக்கொண்டார்.

ஊர் திரும்பிக் கடையைத் திறந்த முதல் வாரம். பதினைந்து வருட வாடிக்கைக்காரி, நம் தமிழ்ப் பெண்தான், படித்தவள், தலையைக் கழுவி நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மூன்று மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், என் கையைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைங்களுக்கு இந்தக் கத்தரியிலதான் வெட்டினீங்களா?"

"இதேதான்."

"வேற எடுங்களேன்."

"எடுக்கமாட்டேம்மா."

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய் ஒரு நிமிடம் நின்றாள். நான் கூப்பிடுவேன் என்று நினைத்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது அந்தச் சலூன்காரர் மனைவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. போனவள் போனவள்தான். அவளோடு அவள் தங்கையும் நாத்தனாரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் வேலை பார்க்கும் பெண், "பேசாம இல்லன்னு சொல்லியிருக்கலாமே அக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"சொல்லிப் பாத்துட்டேன் ஒருதடவ. எனக்குக் காது செவக்குமாம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

காத்திருக்கும் நாற்காலியில் ஒரு சீனப் பெண் இருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியை நானே ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கே போனேன், யாருக்கு வெட்டினேன், இந்தக் கத்தரிதான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உட்காருகிறாயா என்று கேட்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும், சீக்கிரம் வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.